டெமெராராவின் பாதிரியார் ஜோன் ஸ்மித்

இறந்தோரைக் கணக்கெடுக்கும் அரசுகள் எல்லா இறப்பையும் ஒரே நிறையில் வைத்து நிறுப்பதில்லை. ஒருவருடைய சாவுக்காகப் பாராளுமன்றங்கள் நள்ளிரவு வரை விவாதிக்கின்றன. இருநூறு பேருடைய சாவு ஓர் அறிக்கையின் ஓரத்தில் ஒரு வரியாக ஒடுங்கிவிடுகின்றது. நாடிழந்து அயல்நாடுகளில் வாழும் நமக்கு இது புதிய செய்தியன்று. இந்த உண்மையைப் பிறிதொரு நாட்டு வரலாற்றில் வைத்துப் பார்ப்பதற்காகவே, அடிமைகளுக்குப் பணிசெய்யச் சென்று சிறையில் மாண்ட ஆங்கிலப் பாதிரியார் ஜோன் ஸ்மித்தின் வாழ்வை இங்கே எடுத்துரைக்கின்றோம்.

அவர் வாழ்ந்தது 33 ஆண்டுகள். பணி செய்தது ஏழே ஆண்டுகள். அவர் பெரிய கல்விமானும் அல்லர், கலகக்காரரும் அல்லர். பொறுமையாய் இருங்கள் என்று போதித்த ஒருவரை ஓர் அரசு தூக்குமரத்துக்கு உரியவர் எனத் தீர்ப்பளித்தது ஏன் என்பதே இவ்வரலாற்றில் நாம் கேட்க வேண்டிய கேள்வி.

ஏழைச் சிறுவன்

ஜோன் ஸ்மித் 1790 ஆம் ஆண்டு யூன் 27 ஆம் நாள் இங்கிலாந்தின் நோர்தாம்ரன்சயர் மாவட்டத்தில் றொத்வெல் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை போர்வீரர்; எகிப்தில் நடந்த சமரொன்றில் மாண்டுபோனார். தந்தையற்ற பிள்ளைக்குக் கிடைத்த கல்வி, ஞாயிறுப் பாடசாலைக் கல்வியே. இளவயதிலேயே இலண்டனில் ஒரு பிஸ்கற் சுடுபவரிடம் தொழில் பழக விடப்பட்டார். அடுப்படியில் நின்று உழைத்துக்கொண்டே வாசிக்கவும் எழுதவும் தம்மைத் தாமே தேற்றிக்கொண்ட இளைஞர், சமய ஈடுபாடு மிக்கவராகி இலண்டன் மிசனறிச் சங்கத்திடம் தம்மை ஒப்புக்கொடுத்தார்.

இச்சங்கத்தின் பெயர் நம்மவர்க்குப் புதியதன்று. நாகர்கோயிலை நடுவாகக் கொண்டு தென்திருவிதாங்கூரில் பாடசாலைகளும் ஆலயங்களும் எழுப்பியது இதே சங்கமே. அடிநிலைச் சாதியாராக ஒடுக்கப்பட்டோரிடையே அங்கே அது பணிசெய்யத் தொடங்கிய காலத்தில்தான், கடலின் மறுகோடியில் அடிமைகளிடம் அனுப்புதற்கு ஸ்மித்தையும் தேர்ந்தெடுத்தது. 1816 இல் அவர் ஜேன் என்னும் பெண்ணை மணந்தார். அவ்வாண்டின் இறுதியில் இருவரும் கப்பலேறினர். 1817 பெப்ரவரி 23 இல் தென்னமெரிக்காவின் வடகரையிலுள்ள டெமெராராவில் இறங்கினர். இன்று கயானா என வழங்கும் நாட்டின் ஒரு பகுதி அது.

கடலிடமிருந்து பறித்த நிலம்

டெமெராரா முதலில் ஒல்லாந்தர் கையிலிருந்தது. இலங்கையின் கரையோரத்தைப் போலவே இதனையும் பிரித்தானியர் ஒல்லாந்தரிடமிருந்து போரிற் கைப்பற்றினர். 1803 இல் கைப்பற்றியது, 1814 இல் உடன்படிக்கைப்படி அவர்களுக்கே உரியதாயிற்று.

அக்கரையோரம் கடல் பெருகும்போது கடல் மட்டத்துக்குக் கீழே கிடப்பது. அணை கட்டி, வாய்க்கால் வெட்டி, மதகு வைத்தாலன்றி அங்கே ஒரு பயிரும் நிலைக்காது. அவ்வேலை முழுவதும் ஆபிரிக்க அடிமைகளின் தோளில் ஏறியது. கயானாவின் வரலாற்றாசிரியரான வோல்ரர் றொட்னி, இந்நிலத்தை உண்டாக்க அடிமைகள் மண்வெட்டியால் அள்ளிய களிமண் குறைந்தது 10 கோடித் தொன் என்று மதிப்பிட்டார். அங்ஙனம் மீட்ட நிலத்தில் பருத்தியும் கோப்பியும் கரும்பும் விளைந்தன. ஸ்மித் சென்ற காலத்தில் பருத்தி குறைந்து கரும்பு பெருகிக்கொண்டிருந்தது. கரும்பு, பருத்தியிலும் கொடிய எசமான். வெட்டிய கரும்பு புளிக்குமுன் பிழிய வேண்டும். பிழிந்த சாற்றை இரவோடிரவாகக் காய்ச்ச வேண்டும். அடிமைகளின் உறக்கத்தையும் ஞாயிற்றுக்கிழமையையும் அது விழுங்கியது.

குடியேற்றத்தில் அடிமைகள் ஏறத்தாழ 75,000 பேர். வெள்ளையர் 2,500 பேர் அளவினரே. முப்பது பேருக்கு ஒருவர் என்ற இக்கணக்கே அங்குள்ள ஆட்சியின் இயல்பை விளக்கப் போதுமானது. சிறுபான்மை ஒன்று பெரும்பான்மையை இறுகப் பிடித்திருக்க வேண்டுமானால் அச்சமொன்றே கருவி. அச்சத்தை நாள்தோறும் புதுப்பிக்க வயலில் கங்காணியின் கையில் சவுக்கு இருந்தது. பெண்களும் அதற்கு விலக்கல்லர்.

தோட்டங்களின் பெயர்களோ வேறுவிதமாய் ஒலித்தன. ஸ்மித் பணிபுரிந்த தோட்டத்தின் பெயர் ல றெசுவெனிர். பிரெஞ்சு மொழியில் நினைவு என்பது அதன் பொருள். அயலிலிருந்த தோட்டத்துக்குச் சக்செஸ், அதாவது வெற்றி என்று பெயர். அது லிவர்பூல் நகரத்துப் பெருவணிகர் ஜோன் கிளாட்ஸ்டனுக்கு உரியது. பிற்காலத்தில் பிரித்தானியப் பிரதமரான வில்லியம் கிளாட்ஸ்டனின் தந்தையார் இவரே.

பெத்தேல் ஆலயம்

ல றெசுவெனிர் தோட்டத்தின் உரிமையாளராயிருந்த ஹெர்மானுஸ் போஸ்ட் என்ற ஒல்லாந்தர் இரக்கமுடையவர். தம் அடிமைகளுக்குச் சமயம் போதிக்க ஒருவரை அனுப்புமாறு சங்கத்தை வேண்டியவர் அவரே. அதன்படி 1808 இல் ஜோன் றே என்னும் பாதிரியார் வந்து, அங்கே பெத்தேல் என்னும் சிற்றாலயத்தை அமைத்தார். தோட்டக்காரர் பலர் அதனை வெறுத்தனர். விடுதலை கொடாமல் அடிமையைக் கிறித்தவனாக்குவது ஆபத்து என்று குடியேற்றத்துச் செய்தித்தாள் அவ்வாண்டிலேயே எச்சரித்தது. எதிரியின் வாயிலிருந்து வந்தாலும் அக்கூற்றிலே ஓர் உண்மை இருந்ததைப் பின்னர் நடந்தவை காட்டின.

1811 இல் அடிமைகள் இரவில் கூடுதலாகாது என்று தடை பிறந்தபோது, றே கப்பலேறி இலண்டன் சென்று முறையிட்டுத் தடையைத் தளர்த்தி வந்தார். 1813 இல் அவர் பெர்பிஸ் என்னும் அயற்குடியேற்றத்துக்கு மாறிச் சென்றார். அவர் விட்ட இடத்துக்கே ஸ்மித் வந்தார்.

வந்திறங்கிய ஸ்மித்தைத் தேசாதிபதி ஜோன் மறே வரவேற்ற விதம் குறிக்கத்தக்கது. ஓர் அடிமைக்கேனும் எழுத்தறிவித்ததாகத் தெரியவந்தால் அந்நாளே நாடு கடத்துவேன் என்பதே அவர் சொன்ன முதற் செய்தி. ஆகவே ஸ்மித் வினாவிடை முறையில் வாய்ப்பாடமாகவே கற்பித்தார். ஆனாலும் எழுத்து, கதவடைத்தால் நின்றுவிடும் விருந்தாளியன்று. அறிந்த அடிமைகள் சிலர் அறியாதோர்க்கு இரகசியமாய்ச் சொல்லிக் கொடுத்தனர். தோட்டந்தோறும் போதிப்போரை ஆலயத்தார் தம்முள்ளிருந்தே தெரிந்தெடுத்தனர். ஞாயிறுகளில் பல மைல் நடந்து நூற்றுக்கணக்கானோர் வந்தனர். இடமின்றி வெளியில் நின்றும் கேட்டனர்.

அவர்களுக்கு அங்கே கிடைத்தது யாது? பிரசங்கம் மாத்திரமன்று. தோட்டப் புத்தகத்தில் மாட்டுக்கும் வண்டிக்கும் அடுத்து விலையோடு எழுதப்பட்ட ஒருவர், ஆலயப் புத்தகத்தில் திருமுழுக்குப் பெற்றவர் என்றும், இன்னாரின் கணவர் என்றும், இன்னாரின் தாய் என்றும் எழுதப்பட்டார். வெவ்வேறு தோட்டத்தார் ஒரே கூரையின்கீழ் ஒருவரையொருவர் அறிந்துகொண்டனர். ஸ்மித் ஒரு வார்த்தையும் கலகமாகப் பேசவில்லை. பேச வேண்டிய தேவையும் இருக்கவில்லை. மனிதரை மனிதராகக் கணக்கெழுதுவதே அந்த ஆட்சியின் கணக்குக்கு முரணானது.

நாட்குறிப்பு

ஸ்மித் நாட்குறிப்பு எழுதும் வழக்கமுடையவர். தாம் கண்டதும் கேட்டதும் அதில் நாள்வாரியாகப் பதிந்தார். காலையில் கண்விழித்ததும் காதில் விழும் முதல் ஒலி சவுக்கின் ஒலியென்றும், ஒருநாள் காலை ஆறரை மணியிலிருந்து ஒன்பதரை மணிவரை அது ஓயவில்லையென்றும் எழுதிவைத்தார். ஞாயிற்றுக்கிழமை வேலை வாங்கப்பட்டோர், ஆலயத்துக்கு வந்ததற்காகத் தண்டிக்கப்பட்டோர் என அவர் எழுதியவை நீண்டன.

தம்மைத் தாமே தணிக்கை செய்துகொண்டதையும் அவர் மறைக்கவில்லை. ஆதியாகமத்தை வரிசையாக வாசித்து வந்தவர், ஆபிராமுக்கு நிலம் வாக்களிக்கப்படும் பகுதி வந்ததும் அதனைத் தாண்டிச் சென்றார். கேட்போர் அதனைத் தமக்கே உரைத்த விடுதலை வாக்குறுதியாகக் கொண்டுவிடுவர் என அஞ்சியே அவ்வாறு செய்ததாகக் குறித்தார். இவ்வளவு எச்சரிக்கையோடு நடந்தவர் அவர். எச்சரிக்கையைப் பற்றி எழுதிய அவ்வரிகளே பின்னர் அவருக்கெதிரான சான்றாயின.

குவாமினா

பெத்தேல் ஆலயத்து மூப்பர்களுள் தலைமையானவர் குவாமினா. ஆபிரிக்காவில் பிறந்து இளமையிலேயே அடிமையாக விற்கப்பட்டவர். சக்செஸ் தோட்டத்துத் தச்சர். ஆலயத்துக்கு நாள் தவறாதவர், எல்லாராலும் மதிக்கப்பட்டவர். அவருடைய மனைவி பெக்கி நோயுற்றுக் கிடந்தபோது அவளருகில் இருக்க அவருக்கு விடை கிடைக்கவில்லை. ஒருநாள் மாலை வேலை முடிந்து குடிசைக்குத் திரும்பியபோது அவள் இறந்து கிடந்தாள். அவருடைய மகன் ஜாக். பீப்பாய் செய்யும் தொழிலாளி, நெடிதுயர்ந்த இளைஞன். எசமானின் பெயர் ஒட்டிக்கொள்ள ஜாக் கிளாட்ஸ்டன் என அழைக்கப்பட்டவன்.

1823 மே மாதத்தில் இலண்டன் பாராளுமன்றம் அடிமைகளின் நிலையைத் திருத்தும் தீர்மானங்களை ஏற்றது. வயலில் சவுக்கைத் தவிர்த்தல், பெண்களைக் கசையாலடித்தலை ஒழித்தல் ஆகியன குடியேற்றங்களுக்கு அறிவுறுத்தப்பட்டன. கடிதம் யூலையில் டெமெராராவை அடைந்தது. தேசாதிபதி அதனை வெளியிடாது வைத்துக்கொண்டார். அதற்கு முன்னரே, ஆலயம் செல்லத் தோட்டத்துரையின் அனுமதிச் சீட்டு வேண்டுமென்ற பழைய விதியையும் அவர் மீண்டும் உயிர்ப்பித்திருந்தார். ஆனால் துரைமார் உணவுமேசையில் ஆத்திரத்தோடு பேசிக்கொண்டவை, பரிமாறி நின்றவர்களின் காதுகளில் விழாமற் போகவில்லை. மன்னர் விடுதலை அளித்துவிட்டார், துரைமார் மறைக்கின்றனர் என்ற செய்தி தோட்டந்தோறும் பரவியது. மறைக்கப்பட்ட ஒரு கடிதம், வெளியிடப்பட்டிருந்தால் பெற்றிருக்கும் பொருளைவிடப் பெரிய பொருளைப் பெற்றுவிட்டது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு. வழிபாட்டின் பின்னர்க் குவாமினாவும் வேறு சிலரும் பேசிக்கொண்டிருந்ததன் ஒரு பகுதி ஸ்மித்தின் செவிக்கு எட்டியது. அவர் அழைத்து விசாரித்தார். நன்மையான சில சட்டங்கள் வருகின்றன, பொறுத்திருங்கள், அவசரப்படாதீர்கள் என்று கூறினார். குவாமினாவும் இளைஞரைத் தடுக்கவே விரும்பியவர். ஆனால் காலம் கடந்திருந்தது.

மூன்று நாள்

மறுநாள் 18 ஆம் திகதி மாலை எழுச்சி தொடங்கியது. கிழக்குக் கரையோரத்தின் ஏறத்தாழ 60 தோட்டங்களில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் எழுந்தனர். அவர்கள் துரைமாரின் துப்பாக்கிகளைப் பறித்தனர். தாம் பூட்டப்பட்டு வந்த தொழுமரத்தில் துரைமாரைப் பூட்டினர். கொல்லவில்லை. எழுச்சி முழுவதிலும் மாண்ட வெள்ளையர் மூவருக்கு மேற்படார். அடிமைக் கலகங்களின் வரலாற்றில் இத்தகைய கட்டுப்பாடு அரிது. அக்கட்டுப்பாட்டில் பெத்தேலின் போதனைக்குப் பங்குண்டு என்று பின்னர் ஓர் ஆங்கிலத் திருச்சபைக் குருவே சான்று கூறினார்.

அன்று மாலை தேசாதிபதி மறே வழியில் அவர்களை எதிர்கொண்டு, வரவிருக்கும் திருத்தங்களை எடுத்துரைத்தார். சவுக்கு நிற்பது தமக்குப் போதாதென்றும், இறைவன் தம்மையும் வெள்ளையரைப் போன்ற அதே ஊனும் குருதியும் கொண்டே படைத்தான் என்றும், அடிமையாயிருந்து களைத்துவிட்டோம் என்றும் அவர்கள் விடையிறுத்தனர். முழு விடுதலையே வேண்டும் என்றனர் பலர். வாரத்தில் மூன்று நாளும் ஆலயத்துக்கு ஞாயிறும் தந்தாற் போதும் என்றனர் வேறு சிலர்.

19 ஆம் திகதி இராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. 20 ஆம் திகதி பச்சலர்ஸ் அட்வென்சர் என்னும் தோட்டத்தில் திரண்டு நின்றவர்களை லெப்டினன்ட் கேணல் லேகியின் படை சந்தித்தது. துரைமாரை நாம் துன்புறுத்தவில்லை எனத் துரைமாரே கையொப்பமிட்ட தாளை ஜாக் நீட்டினான். தாள் பயன்படவில்லை. துப்பாக்கிகள் வெடித்தன. அவ்விடத்தில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்டோர் வீழ்ந்தனர். அதன்பின் படைகள் தோட்டந்தோறும் சென்று விசாரணை என்ற பெயரில் உடனுக்குடன் கொன்றன. பிடிபட்டோர் பலர் தூக்கிலிடப்பட்டனர். சிலருக்கு ஆயிரம் கசையடி வரை விதிக்கப்பட்டது. மாண்ட அடிமைகளின் தொகை இருநூற்றுக்கு மேல் என்பர்.

குவாமினா ஆயுதம் ஏந்தவில்லை, காட்டுக்குள் ஒதுங்கியிருந்தார். செப்ரெம்பர் 16 இல் தேடிச் சென்றோர் அவரைச் சுட்டுக் கொன்றனர். அவருடைய உடல் சக்செஸ் தோட்டத்து வழியோரத்தில், போவோர் வருவோர் காணச் சங்கிலியிட்டுத் தொங்கவிடப்பட்டது. மாதக்கணக்காய் அது அவ்வாறே கிடந்தது. ஜாக்கின் மரண தண்டனை குறைக்கப்பட்டு, அவன் சென் லூசியாத் தீவுக்கு நாடு கடத்தப்பட்டான்.

இராணுவ நீதிமன்றம்

ஸ்மித் ஆகஸ்ட் 21 இல் கைது செய்யப்பட்டார். உடனடியாகப் படையிற் சேர்ந்து துப்பாக்கி ஏந்தவேண்டும் என்று வந்த கட்டளைக்கு, மதகுரு என்ற முறையில் தமக்கு விலக்குண்டு என மறுத்ததே முதற் காரணம். நாட்குறிப்பும் தாள்களும் பறிக்கப்பட்டன. மனைவி ஜேனும் உடன் கொண்டுசெல்லப்பட்டார்.

கலகம் சில நாளில் அடங்கிவிட்டது. எனினும் இராணுவச் சட்டம் ஐந்து மாதங்கள் நீடிக்கப்பட்டது. அவசரகாலச் சட்டங்கள் அவசரம் தீர்ந்த பின்னரும் ஏன் நீடிக்கின்றன என்பதை நம் வாசகர்க்கு விளக்க வேண்டியதில்லை. பொது நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டிய குடிமகனை இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்த அது வழிசெய்தது. ஒக்ரோபர் 13 இல் தொடங்கிய விசாரணை நவம்பர் 24 வரை நடந்தது. தலைமை தாங்கிய லெப்டினன்ட் கேணல் குட்மன், குடியேற்றத்து ஏலவிற்பனைத் தலைவருமாவார். அடிமைகளை ஏலங்கூறும் பதவியில் இருந்தவர், அடிமைகளின் பாதிரியாரைத் தீர்ப்பிட அமர்ந்தார்.

குற்றச்சாட்டுகளின் சாரம் இரண்டு. அடிமைகளிடையே மனக்குறையை வளர்த்தார் என்பது ஒன்று. கலகம் வரப்போவதை அறிந்தும் அரசுக்கு அறிவிக்கவில்லை என்பது மற்றொன்று. முதலாவதற்கு அவருடைய நாட்குறிப்பே சான்றாக்கப்பட்டது. யாத்திராகமத்தை வாசித்ததும் குற்றத்தோடு சேர்க்கப்பட்டது. தூக்கிலேறும் அச்சத்தில் இருந்த அடிமைகள் சிலரும் அவருக்கெதிராகச் சாட்சி கூற நிறுத்தப்பட்டனர். அவர்களுள் சிலர் பின்னர்த் தாம் கூறியது பொய்யென வருந்தியதாகவும் செய்தி உண்டு. ஆங்கிலத் திருச்சபையின் குரு வில்ற்சயர் ஒஸ்ரின் மட்டும் தோட்டக்காரரின் சினத்தை அஞ்சாமல் ஸ்மித்துக்காகச் சாட்சி சொன்னார். இரத்தம் பெருகாமற் காத்தது இப்போதனையே என உரைத்தவர் அவரே. அதன் விலையாக அவரும் குடியேற்றத்தை விட்டு நீங்க நேர்ந்தது.

தீர்ப்பு, மரண தண்டனை. உடன் இரக்கம் காட்டுமாறு ஒரு பரிந்துரை. முடிவு மன்னருக்கு விடப்பட்டது. ஸ்மித்துக்கு முன்னரே சயரோகம் இருந்தது. நாட்டை விட்டு நீங்கி உடல் தேறுமாறு மருத்துவர் அறிவுறுத்தியிருந்தார். அத்தகையவரை அடியில் நீர் தேங்கிய ஈரமான சிறையறையில் வைத்தனர். 1824 பெப்ரவரி 6 இல் அவர் இறந்தார். மன்னர் தண்டனையைத் தவிர்த்து, நாடு கடத்தினாற் போதும் என்று விடுத்த ஆணை கப்பலில் வந்து சேர்ந்தபோது, கேட்பதற்கு அவர் இல்லை.

இருளில் அடக்கம்

அடக்கத்தைப் பகலில் நடத்த அரசு துணியவில்லை. மறுநாள் விடியுமுன் உடலை எடுத்துச் சென்றனர். மனைவி பின்செல்லலாகாது என்றும் தடை விதித்தனர். ஜேனும் அவரோடிருந்த மற்றொரு பாதிரியாரின் மனைவியும், விளக்கேந்திய ஒருவரைத் துணைகொண்டு, உடல் வருமுன்னரே இருளில் நடந்து குழியருகே சென்று நின்றனர். சில நாளின் பின், ஆலயத்தைச் சேர்ந்த தச்சர் ஒருவரும் கல் கட்டுபவர் ஒருவரும் கல்லறையைச் சுற்றிக் கல்லும் வேலியும் வைத்தனர். அதிகாரிகள் அதனை இடித்து அகற்றினர். இறந்தவரின் மேடைக்கும் அஞ்சும் அரசுகள் அன்றும் இருந்தன.

யாருடைய சாவு பேசப்பட்டது

செய்தி இங்கிலாந்தை அடைந்தது. ஆலயங்கள் கொதித்தன, மனுக்கள் குவிந்தன. 1824 யூன் 1 இலும் 11 இலும் பாராளுமன்றத்தில் ஹென்றி புறூம் இவ்விசாரணையைக் கண்டிக்கும் தீர்மானத்தின்மீது பெருவாதம் நிகழ்த்தினார். 146 வாக்குகள் ஆதரவு, 193 வாக்குகள் எதிர்ப்பு, தீர்மானம் தோற்றது. ஆயினும் அடிமைத்தளை சீர்திருத்தத்துக்குள் அடங்காத தீமை என்ற எண்ணம் பொதுமக்களிடையே வேரூன்ற அவ்விவாதம் உதவிற்று. டெமெராராவின் தியாகி என்ற பெயர் ஸ்மித்துக்கு நிலைத்தது. ஒன்பது ஆண்டுகளின் பின், 1833 இல் அடிமை ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது.

இங்கே நாம் சற்று நிற்க வேண்டும். ஒரு வெள்ளைப் பாதிரியாரின் சாவு பாராளுமன்றத்தை உலுக்கியது. அதே மாதங்களில் வீழ்ந்த இருநூற்றுக்கு மேற்பட்ட கறுப்பரின் சாவு அங்ஙனம் உலுக்கவில்லை. தியாகி என்ற பட்டம் பொறுக்கச் சொன்னவருக்குக் கிடைத்தது. பொறுத்துக் களைத்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. இதனாற் ஸ்மித்தின் பெருமை குறைவதாக நாம் கொள்ளவில்லை. அந்தப் பிழை அவருடையதன்று. கணக்கெழுதியவர்களுடையது. அவரோ குவாமினாவின் பெயரையும் பெக்கியின் சாவையும் தம் கையால் எழுதிவைத்தவர். அந்நாட்குறிப்பு இல்லாவிடில் அத்தோட்டத்து மனிதர் பலரின் பெயர்களே நமக்குக் கிடைத்திரா.

அவர் போதித்த பொறுமை சரியானதா என்ற கேள்வியும் எழும். அவர் அடிமைத்தளையை வெறுத்தார் என்பதில் ஐயமில்லை. ஆனால் விடுதலை இலண்டனிலிருந்து வரும், காத்திருங்கள் என்றே சொன்னார். காத்திருக்கச் சொல்வது சுதந்திரமாய்ப் பிறந்தவருக்கு எளிது. மனைவியின் சாவுக்கும் விடை கிடைக்காத குவாமினாவுக்கு அது எளிதன்று. ஸ்மித்தின் எல்லை அதுவே. அந்த எல்லைக்குள் நின்றுகொண்டே, கண்டதைக் கண்டவாறு எழுதினார். துப்பாக்கி ஏந்த மறுத்தார். தம் மக்களைக் காட்டிக்கொடுத்துத் தம்மைக் காத்துக்கொள்ளவில்லை. ஒரு சாதாரண மனிதரிடம் இதற்கு மேல் கேட்க நமக்கு உரிமை உண்டா என்பதை ஒவ்வொருவரும் தம் நெஞ்சைக் கேட்டுக்கொள்ளட்டும்.

பின்னர் வந்தோர்

சட்டம் வந்தபோது 2 கோடிப் பவுண் இழப்பீடு வழங்கப்பட்டது. அது அடிமைகளுக்கன்று, அடிமைகளை இழந்த எசமானர்க்கு. ஜோன் கிளாட்ஸ்டன் குடும்பம் பெற்ற பங்கு ஒரு இலட்சம் பவுணுக்கு மேல். அடிமைகள் தோட்டங்களை விட்டு நீங்குவர் என்று கண்ட அவர், 1836 இலேயே கல்கத்தாவிலுள்ள வணிக நிறுவனமொன்றுக்கு எழுதி இந்தியக் கூலிகளைக் கேட்டார். 1838 மே 5 இல் விற்பி, ஹெஸ்பெரஸ் என்னும் கப்பல்கள் முதல் ஒப்பந்தக் கூலிகளோடு பிரித்தானியக் கயானாவை அடைந்தன. 1845 முதல் சென்னையிலிருந்தும் கப்பல்கள் சென்றன. அவற்றிலே தமிழர் சென்றனர். 1917 வரை அங்கு சென்ற இந்தியர் தொகை ஏறத்தாழ 2,39,000. மதறாசிகள் என அழைக்கப்பட்ட நம்மவரின் சந்ததியார் மொழியை இழந்தும் மாரியம்மன் வழிபாட்டை இழக்காமல் இன்றும் அங்கே வாழ்கின்றனர். குவாமினாவின் தோழர் வெட்டிய வாய்க்கால்களிலேயே அவர்களும் இறங்கி உழைத்தனர். இவ்வரலாறு நமக்கு முற்றிலும் அயலாரின் வரலாறன்று.

ஜோர்ஜ்ரவுண் நகரில் 1843 இல் ஸ்மித்தின் நினைவாக ஓர் ஆலயம் எழுந்தது. நெடுங்காலத்தின் பின், விடுதலை பெற்ற கயானா குவாமினாவையும் நினைவுகூர்ந்தது. தேசாதிபதி மறேயின் பெயரால் வழங்கிய வீதி இப்போது குவாமினா வீதி. 2013 இல் கடலணையருகே 1823 எழுச்சிக்கு நினைவுச் சின்னம் நாட்டப்பட்டது. எழுச்சியின் 200 ஆம் ஆண்டான 2023 இல் கிளாட்ஸ்டன் குடும்பத்தின் வழித்தோன்றல்கள் கயானாப் பல்கலைக்கழகத்துக்கு வந்து, அடிமைத்தளைக்காகவும் ஒப்பந்தக் கூலிமுறைக்காகவும் மன்னிப்புக் கோரினர்.

இடிக்கப்பட்ட கல்லறைக்கும் சங்கிலியிலே தொங்கிய உடலுக்கும் அது ஈடாகாது. ஆனால் மறேயின் பெயர் வீதியிலிருந்து நீங்கியதும் குவாமினாவின் பெயர் அங்கே ஏறியதும் தாமாக நிகழவில்லை. எவரோ எழுதிவைத்தனர், எவரோ அழியாமற் காத்தனர், எவரோ மீண்டும் எடுத்துச் சொல்லிக்கொண்டே இருந்தனர். நம் ஊர்களில் மாண்டவர்களின் பெயர்களும் எழுதப்பட வேண்டியவையே. ஒவ்வொரு குடும்பமும் தான் அறிந்ததை, நாளும் இடமும் பெயரும் தவறாமல், இன்றே எழுதிவைக்கட்டும்.